காஞ்சியின் கடற்கரை

சித்திரை பிறந்து அக்கினி நட்சத்திரத்தை எதிர்நோக்கியிருக்கும் நாட்களில், காஞ்சிபுரத்துப் பிள்ளையார்பாளையத்து நெசவாளர்கள் விடியற்காலையில் தெருவிலே நீட்டிய பாவை வெயில் ஏறுமுன் சுருட்டிக்கொண்டு வீட்டுக்குள் புகுந்துவிடுகிறார்கள். உச்சிப் பொழுதில் ராஜவீதிகளில் கோபுர நிழலன்றி வேறு நிழல் இராது. பிற்பகலும் கழிந்து, தறிக்குழியில் இறங்கியிருப்பவனுடைய முதுகில் வேர்வை உலராத வேளையில், கிழக்கிலிருந்து ஈரம் கலந்த ஒரு காற்று மெல்ல ஊருக்குள் நுழைகிறது. பகலெல்லாம் காய்ந்த நிலத்தின்மேல் காற்று சூடேறி எழும்ப, அந்த இடத்தை நிரப்பக் கடலின்மேலுள்ள குளிர்ந்த காற்று உள்நாட்டை நோக்கி ஓடிவருவதே அதன் காரணம். கரையோர ஊர்களை நண்பகலிலேயே தொட்டுவிடும் அக்காற்று, மேல்காற்று பலமாயில்லாத நாட்களில், ஏறக்குறைய 65 கிலோமீட்டர் பாதை கடந்து செல்ல வேண்டிய கடற்கரைக்கும் காஞ்சிக்கும் உள்ள உறவை மாலைதோறும் புதுப்பிக்கிறது.

அந்த உறவு மிகப் பழையது. கோடை விடுமுறையில் குழந்தைகளை அழைத்துக்கொண்டு மாமல்லபுரத்துக்குப் போய், அலையில் கால் நனைத்து, மணலில் வீடு கட்டி, சுண்டல் தின்று, கலங்கரை விளக்கத்தில் ஏறிப் பார்த்துத் திரும்பும் இன்றைய வழக்கத்தை, வெள்ளைக்காரர் நமக்குக் கற்பித்த நாகரிகம் என்று எண்ணுவோர் படித்தவர்களிடையே அநேகர். இவ்வெண்ணம் முற்றிலும் தவறு என்பதே என் துணிபு. காஞ்சியிலிருந்து கடலுக்குச் செல்லும் பயணத்துக்கு ஏறக்குறைய 2000 ஆண்டுச் சரித்திரம் உண்டு. அதில் வாணிபமும் புண்ணியமும் விளையாட்டும் ஒன்றோடொன்று பின்னியே வந்திருக்கின்றன.

பத்துப்பாட்டில் ஒன்றாகிய பெரும்பாணாற்றுப்படை, காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைப் புகழ்ந்து கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடியது. பரிசில் பெற்று மீளும் பாணன் ஒருவன் மற்றொரு பாணனுக்கு வழி சொல்லும் முறையில் அமைந்த அப்பாட்டில், தலைநகரை அடைவதற்கு முன்னே ஒரு துறைமுகப்பட்டினம் குறுக்கிடுகிறது. நீர்ப்பெயற்று என்று புலவர் குறிக்கும் அப்பட்டினம், பின்னாளில் கடல்மல்லை என்றும் மாமல்லபுரம் என்றும் பெயர் பெற்ற ஊராகவோ அதன் அண்டையிலுள்ள ஓர் ஊராகவோ இருக்க வேண்டும் என்பது ஆராய்ச்சியாளர் சிலரின் கொள்கை. மேற்குத் திசைக் குதிரைகளையும் வடநாட்டுப் பண்டங்களையும் ஏற்றிவந்த மரக்கலங்கள் அங்கே நின்று அசைகின்றன. ஏணி சாத்தினாலும் எட்டாத உயரமுள்ள மாடத்தில் இரவில் விளக்கேற்றி, திசை தடுமாறும் கலங்களைக் கரைக்கு அழைக்கிறார்கள். நீராடும் பெண்கள் கரையில் கழற்றி வைத்த பொன் குழையை இரையென்று எண்ணிக் கவ்விய மீன்கொத்திப் பறவையொன்று, தன் கூட்டுக்குச் செல்லாமல் அந்தணரின் வேள்வித் தூணின்மீது போய் அமர்கிறது. அங்ஙனம் அமர்ந்த கோலம் யவனருடைய மரக்கலத்தில் உயர்ந்த கம்பத்தின் உச்சியில் ஏற்றிய அன்ன விளக்கை ஒத்திருந்தது என்கிறார் புலவர். வேள்வித் தூணும் யவன விளக்கும் நீராடும் மகளிரும் ஒரே காட்சிக்குள் அடங்கிவிட்ட இந்த ஓவியத்தைக் காட்டிலும், தொண்டை நாட்டுக் கடற்கரையின் பழைய நாகரிகத்தைத் தெளிவாகக் காட்டும் சான்றை நான் அறியேன்.

அதே புலவர் சோழன் கரிகாலனைப் பாடிய பட்டினப்பாலையில், முழுநிலவு நாளன்று மீன்பிடிக்கச் செல்லாமல் ஓய்ந்திருக்கும் பரதவரின் பொழுதுபோக்கைக் கிரமமாக விவரிக்கிறார். சுறாமீனின் கொம்பை நட்டுத் தெய்வத்தை வழிபடுகிறார்கள். உண்டும் பருகியும் மணலில் ஆடுகிறார்கள். நண்டைத் துரத்தி விளையாடுகிறார்கள். அலைகளை மிதித்துத் துவைக்கிறார்கள். ஈரமணலில் பாவை செய்கிறார்கள். தீவினை நீங்கும்பொருட்டுக் கடலில் முழுகி, உப்பு நீங்கும்பொருட்டு நன்னீரில் மறுபடியும் குளிக்கிறார்கள். இன்றைக்கும் மாமல்லபுரத்துக் கரையில் ஒரு குடும்பம் செய்பவை அத்தனையும் இந்தப் பட்டியலில் அடங்கிவிடுகின்றன அல்லவா? புண்ணியத்துக்கென்று முழுகுவதையும் வேடிக்கைக்கென்று அலையை மிதிப்பதையும் புலவர் வேறுவேறு நாளுக்கு ஒதுக்கவில்லை. இரண்டையும் ஒரே பகலில், ஒரே மக்கள் செய்வதாகவே கூறுகிறார்.

அக்காலத்தில் கடல் விளையாட்டுக்கு உரிய பருவம் எது என்ற கேள்விக்குச் சிலப்பதிகாரம் விடை தருகிறது. சித்திரை முழுநிலவில் கொடியேற்றி 28 நாள் நடந்த இந்திர விழா முடிந்தபின், அதாவது கோடையின் நடுவிலே, புகார் நகரத்தார் கடலாடப் புறப்படுகிறார்கள். மாதவி வண்டியிலும் கோவலன் கோவேறு கழுதையின்மீதும் ஏறிச் சென்று, புன்னை மர நிழலில் சித்திரத் திரைகளைச் சுற்றிக் கட்டி, மேலே விதானம் அமைத்துத் தங்குகிறார்கள். கரை நெடுகிலும் பலகாரம் விற்போர் விளக்கும், மீன் விற்போர் விளக்கும், வேற்றுமொழி பேசும் வணிகரின் விளக்கும், படகுகளில் பரதவர் ஏற்றிய விளக்கும், இவற்றுக்கெல்லாம் மேலாகக் கலங்கரை விளக்கமும் ஒளிர்ந்ததை இளங்கோவடிகள் வரிசைப்படுத்திக் காட்டும்போது, கடற்கரைக்கும் தின்பண்டக் கடைக்கும் உள்ள தொடர்பு எத்தனை புராதனமானது என்பதும் விளங்குகிறது. அந்தப் புகாரைக் கடல் கொண்டபின், மாதவியும் பௌத்த முனிவர் அறவண அடிகளும் கடைசியில் வந்து சேர்ந்த நகரம் காஞ்சியே என்று மணிமேகலை சொல்லும். இளந்திரையனின் பிறப்பைப் பற்றிய கதையும் கடலையே மூலமாகக் கொண்டது: சோழ மன்னனுக்கும் நாககன்னிகைக்கும் பிறந்த குழந்தையைத் தொண்டைக் கொடியால் அடையாளம் கட்டிக் கடலில் விட, அலை அவனைக் கரை சேர்த்தது என்றும், அவனே தொண்டை நாட்டுக்கு அரசனானான் என்றும் உரையாசிரியர் நச்சினார்க்கினியர் எழுதிவைத்தார். உள்நாட்டு நகரமாகிய காஞ்சி தன் அரச வமிசத்தைக் கடலிலிருந்து வந்ததாகச் சொல்லிக்கொண்டதில் ஆச்சரியம் இல்லை. அதன் செல்வம் அவ்வழியாகவே வந்தது. சீனத்து ஹான் வமிசச் சரித்திரம் ஹுவாங்-சி என்ற தேசத்தைப் பற்றிப் பேசுகிறது. அங்கே செல்லும் சீனர் பொன்னையும் பட்டுத் துணிகளையும் கொண்டுபோய் முத்துக்கு மாற்றினர் என்றும், கி.பி. 2-ஆம் ஆண்டில் அத்தேசத்திலிருந்து ஒரு காண்டாமிருகம் காணிக்கையாக வந்தது என்றும் கூறுகிறது. அத்தேசம் காஞ்சியே என்பது சரித்திர ஆசிரியர் பலரின் முடிபு. இன்று உலகத்துக்குப் பட்டு அனுப்பும் ஊருக்கு, அக்காலத்தில் பட்டு மரக்கலத்திலே வந்து இறங்கியிருக்கக்கூடும்.

பல்லவர் காலத்தில் தலைநகரும் துறைமுகமும் ஒரே உடம்பின் இரண்டு கைகளாக இயங்கின. கி.பி. 640-ஆம் ஆண்டை ஒட்டிக் காஞ்சிக்கு வந்த சீன யாத்திரிகர் ஹியூன் சாங், சிங்களத்துக்குச் செல்வோர்க்கு இதுவே வாயில் என்றும், கடல்வழி மூன்று நாள் பயணம் என்றும் கேட்டறிந்து, தாமும் கப்பலேற விரும்பினார். ஆயினும் இலங்கையில் பஞ்சமும் கலகமும் தாங்காமல் ஓடிவந்த பிக்ஷுக்களைக் காஞ்சியிலே சந்தித்ததால் அந்த எண்ணத்தைக் கைவிட நேர்ந்தது. அப்போது சிங்காதனத்தில் இருந்தவன் மாமல்லன் என்ற விருது பூண்ட முதலாம் நரசிம்மவர்மன். அவனிடம் அடைக்கலம் புகுந்த சிங்கள இளவரசன் மானவர்மனுக்காக இரு முறை கடற்படை புறப்பட்டதை இலங்கையின் வரலாற்று நூல் கூறுகிறது. நரசிம்மவர்மன் வழிவந்த இராஜசிம்மன், கி.பி. 700-ஐ அடுத்த ஆண்டுகளில், காஞ்சியில் கைலாசநாதர் ஆலயத்தையும் அலைவாய்க்கரையில் மாமல்லபுரத்துக் கடற்கரைக் கோயிலையும் எழுப்பினான்; கி.பி. 720-ல் சீனச் சக்கரவர்த்தியிடம் தூது அனுப்பினான். திருமங்கையாழ்வார் கடல்மல்லையைப் பாடும்போது, யானைகளும் மணிக்குவியலும் பொருளும் சுமந்த கலங்கள் பாரம் தாங்காமல் அசையும் துறையையே கண்முன் நிறுத்துகிறார். முதலாழ்வார் மூவரில் பொய்கையாழ்வார் காஞ்சியிலும் பூதத்தாழ்வார் கடல்மல்லையிலும் அவதரித்தவர்கள் என்ற செய்தியையும் இங்கே நினைத்துப் பார்க்க வேண்டும்.

சோழர் காலத்தில் நாகப்பட்டினம் தலையெடுக்க, மல்லையின் வாணிபம் மங்கியது. ஆனால் கடலாடும் வழக்கம் மங்கவில்லை. அதன் முகம் மாறியது. தர்மசாஸ்திரங்கள் சமுத்திர ஸ்நானத்துக்கு வரம்பு விதித்தன: சேதுவில் எந்நாளும் முழுகலாம், மற்ற இடங்களில் அமாவாசை, பௌர்ணமி போன்ற பர்வ காலங்களில் மட்டுமே கடலைத் தீண்டலாம் என்பது விதி. கோடையில் மனம் விரும்பிய நாளில் கடலாடிய வழக்கம் இவ்வாறு பஞ்சாங்கத்துக்குள் அடங்கியது. மாமல்லபுரத்துத் தலசயனப் பெருமாள் கோயிலின் ஸ்தலபுராணமோ கடலை இன்னும் நெருக்கமாக்கியது. திருப்பாற்கடலில் பள்ளிகொண்ட பெருமானுக்குத் தாமரை மலர்களைச் சமர்ப்பிக்க ஆசைகொண்ட புண்டரீக மகரிஷி, குறுக்கே நிற்கும் கடலைக் கையாலேயே இறைத்து வழி உண்டாக்க முற்பட்டார் என்றும், அவருடைய பக்திக்கு இரங்கிய பெருமாள் கிழவர் வேடத்தில் வந்து தாமும் இறைத்து, பிறகு பாம்பணையைத் துறந்து தரையிலேயே சயனித்து அம்மலர்களை ஏற்றார் என்றும் சொல்வர். பகவானே தன் கையால் இறைத்த கடல் என்பதால் இதற்கு அர்த்த சேது என்ற பெயரும், சேது ஸ்நானத்தில் பாதி பலன் என்ற நம்பிக்கையும் ஏற்பட்டன. மாசி மகத்தன்று பெருமாள் கடலுக்கு எழுந்தருளித் தீர்த்தவாரி நடைபெறும்போது சுற்று வட்டாரத்து ஜனங்கள் திரளாக வந்து முழுகுவது இன்றும் உண்டு. அதே பௌர்ணமியில், காடுகளிலும் ஏரிக்கரைகளிலும் சிதறி வாழும் இருளர் குடும்பங்கள் மாமல்லபுரத்து மணலில் கூடி, குச்சியும் துணியும் கொண்டு சிறு குடில் அமைத்துத் தங்கி, விடியற்காலையில் கடலோரம் மணலால் படிகள் அமைத்துத் தங்கள் கன்னியம்மனை வழிபடுகிறார்கள். கல்யாணம் நிச்சயிப்பதும், தாலி கட்டுவதும், குழந்தைக்கு முடியிறக்குவதும் அங்கேயே நடக்கின்றன. கோயில் உற்சவத்தின் பேரொலிக்கு அருகில், எந்தக் கல்வெட்டும் பேசாத இந்த எளிய வழிபாடு இத்தனை காலம் நிலைத்திருப்பதை நான் மிக்க மரியாதையோடு நோக்குகிறேன்.

அப்படியானால் கோடையில் காஞ்சி என்ன செய்தது? கடலுக்குப் பதிலாக ஆற்றையும் கிணற்றையும் நாடியது. சித்ரா பௌர்ணமியன்று வரதராஜப் பெருமாள் ஊரை விட்டுப் புறப்பட்டு, ஐயங்கார்குளத்திலுள்ள நடவாவிக் கிணற்றுக்கு எழுந்தருளுகிறார். படிக்கட்டுகளின் வழியே பூமிக்குள் இறங்கிச் செல்லும் அந்தக் கிணற்றின் அடியில் ஒரு மண்டபம் இருக்கிறது. ஆண்டு முழுவதும் நீரில் முழுகிக் கிடப்பதை, உற்சவத்துக்கு முன்னே நீரிறைத்து வெளிக்கொண்டு வருகிறார்கள். வெளியே சித்திரை வெயில் நெருப்பாய்க் காய, உள்ளே கசிவு நீரின் குளிர்ச்சியில் பெருமாள் மண்டபத்தை வலம்வரும் காட்சியைக் கண்டவர், தொண்டை நாட்டு முன்னோர் கோடையை எவ்வளவு அழகாக எதிர்கொண்டனர் என்பதை உணர்வர். அங்கிருந்து பெருமாள் இரவில் பாலாற்று மணலுக்குச் செல்கிறார். நிலவொளியில், மணற்பரப்பில், பந்தலின்கீழ் நடைபெறும் அந்தத் திருமஞ்சனத்துக்குக் கூட்டம் கூட்டமாகச் சென்று மணலில் அமர்ந்து, கட்டுச்சாதம் உண்டு, விடியுமட்டும் பேசிக்கொண்டிருப்பதே காஞ்சி மக்களின் பழைய கோடை உல்லாசம். பாலாறு, சொல்லப்போனால், காஞ்சிக்கும் கடலுக்கும் இயற்கை அமைத்த பாதை. அது நகரத்துக்குத் தெற்கே ஓடி, செங்கற்பட்டைக் கடந்து, சதுரங்கப்பட்டினத்துக்குத் தெற்கே வயலூருக்கு அருகில் வங்கக்கடலில் கலக்கிறது. டச்சுக்காரர் கோட்டை கட்டி, மெல்லிய துணி வாங்கிக் கப்பலேற்றிய சதுரங்கப்பட்டினமும் அந்த முகத்துவாரத்துக்கு அண்மையிலேயே இருக்கிறது என்பதும் கவனிக்கத்தக்கது.

நெசவாளர் நிலையை இங்கே தனியாகச் சொல்ல வேண்டும். சித்திரை முதல் ஆனி வரையில் கல்யாண முகூர்த்தங்கள் மிகுந்த காலம். முகூர்த்தப் புடவைக்குக் கேட்பு உச்சத்தில் நிற்கும் காலமும் அதுவே. மற்றவர்க்கு விடுமுறையாகிய கோடை, தறிக்காரனுக்கு இரவும் பகலும் நாடாவை ஓட்டும் பருவம். உடலையும் கரையையும் பிணைத்துக் கோர்வை வாங்கும் புடவைக்கு இன்னொரு ஆளும் துணை வேண்டுமாகையால், வீட்டுப் பிள்ளைகளும் அக்காலத்தில் தறியோடு கட்டுண்டு கிடந்தார்கள். ஆகவே அவர்களுக்கு வாய்த்த ஓய்வு, தறியை நிறுத்தும் அமாவாசை நாள்தான். அந்த அமாவாசையே கடல் ஸ்நானத்துக்கு சாஸ்திரம் அனுமதித்த நாளாகவும் அமைந்தது பெரிய சௌகரியம். பிதுர்க்கடனும் ஓய்வும் ஒரே பயணத்தில் நிறைவேறின. ஆடி அமாவாசை, தை அமாவாசை என்று பஞ்சாங்கம் பார்த்துக் கடலுக்குச் சென்றவனை, பொழுதுபோக்குக்காகச் சென்றவன் என்று யாரும் குறைகூற முடியாது. ஆயினும் திரும்பும்போது அவன் மடியில் கிளிஞ்சல் இருந்திருக்கும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

ஐரோப்பாவிலோ கடலில் குளிப்பது கௌரவமான காரியமாகத் தலையெடுத்தது 18-ஆம் நூற்றாண்டின் நடுவில்தான். கழலை நோய்களுக்குக் கடல்நீர் கைகண்ட மருந்து என்று 1750-ல் டாக்டர் ரிச்சர்ட் ரஸ்ஸல் நூல் எழுதியபின், இங்கிலாந்தின் தென்கரையில் மீன்பிடி கிராமமாயிருந்த பிரைட்டன் சீமான்களின் ஆரோக்கிய ஸ்தலமாயிற்று. மருந்தாக ஆரம்பித்தது சிறிது சிறிதாக விளையாட்டாக மாறியது. அந்த மனோபாவத்தோடு இங்கே வந்த ஆங்கிலேயர் சென்னைக் கரையில் மாலைக் காற்று வாங்கினர். 1884-ல் கவர்னர் கிராண்ட் டஃப் அக்கரையில் நடைபாதை அமைத்து மெரினா என்று பெயரிட்டார். மாமல்லபுரத்தை அவர்கள் கடலிலிருந்தே முதலில் கண்டனர். கப்பலோட்டிகள் அதற்கு ‘ஏழு கோயில்’ என்று பெயரிட்டு அடையாளமாகக் கொண்டனர். 1772-லும் 1776-லும் அங்கே சென்ற வில்லியம் சேம்பர்ஸ், 1788-ல் வெளியான தமது கட்டுரையில், அலைகளுக்கு அடியிலே முழுகிய கோயில்களின் செப்புக் கலசங்கள் சூரியோதயத்தில் மின்னுவதைப் பெரியவர்கள் கண்டதாகச் சொல்லும் வாய்மொழியைப் பதிவு செய்தார். பிறகு பாபிங்டன் முதலியோர் கல்வெட்டுக்களைப் படித்தனர். 1869-ல் காப்டன் கார் இக்கட்டுரைகளையெல்லாம் ஒரு தொகுதியாக்கினார்.

சென்னையிலிருந்து மாமல்லபுரம் செல்வோர்க்கு வழி அக்காலத்தில் கால்வாய்தான். 1806-ஐ ஒட்டிச் சென்னைக்கு வடக்கே வெட்டத் தொடங்கி, பின்னர் தெற்கே மரக்காணம் வரை நீட்டி, தாது வருஷப் பஞ்சத்தில் ஏழைகளுக்குக் கூலி கொடுத்து வெட்டிய பகுதியோடு இணைத்து, பக்கிங்ஹாம் கால்வாய் என்று கவர்னரின் பெயரைச் சூட்டினார்கள். மாலையில் படகேறி, கரையில் ஆட்கள் கயிறு கட்டி இழுக்க, நிலவொளியில் உறங்கிச் சென்று காலையில் மல்லையில் இறங்குவது அன்றைய சென்னைவாசிகளுக்கு மிகவும் உவப்பான பிரயாணம்.

காஞ்சியார்க்கு வழி வேறு. அரக்கோணத்திலிருந்து 1865-ல் காஞ்சிக்கு வந்த ரயில் பின்பு செங்கற்பட்டு வரை நீண்டபோது, கடலுக்குச் செல்லும் பாதி வழி எளிதாயிற்று. செங்கற்பட்டில் இறங்கி மாட்டுவண்டியோ குதிரை வண்டியோ பிடித்து 9 மைல் சென்றால் திருக்கழுக்குன்றம். அக்காலத்தில் உச்சிவேளையில் வேதகிரி மலைமேல் பண்டாரம் ஊட்டிய சர்க்கரைப் பொங்கலை உண்ண வந்த இரு கழுகுகளைத் தரிசித்து, சங்கு தீர்த்தத்தில் நீராடி, வெயில் தாழ்ந்தபின் மறுபடி வண்டி பூட்டிச் சுமார் 9 மைல் சென்று, கால்வாயைப் படகில் கடந்தால் மாமல்லபுரம். கட்டுச்சாதத்தில் காஞ்சிபுரம் இட்டிலிக்கு முதலிடம்: மிளகும் சீரகமும் சுக்கும் நெய்யும் சேர்த்து, மூங்கில் குடலையில் மந்தாரை இலை விரித்து வேகவைத்த அந்த இட்டிலி, வரதராஜர் சன்னதியில் நிவேதனமாவது; இரண்டு நாள் கெடாமல் இருக்கும் அதன் இயல்பு, பிரயாணத்துக்கென்றே அமைந்ததோ என்று எண்ணத்தக்கது. புளியோதரையும் உடன் இருக்கும். கடலில் முழுகி எழுந்த பசிக்கு அதைவிட ஏற்ற உணவு வேறில்லை.

இந்த யாத்திரை கோடையோடு மறுபடியும் இணைந்ததற்குக் காரணம் பள்ளிக்கூடம். ஏப்ரலில் பரீட்சை முடித்து ஜூன் வரை பள்ளிகளை மூடும் வழக்கம் வேரூன்றியபின், பிள்ளைகள் ஓய்ந்திருக்கும் காலமே குடும்பத்தார் பயணம் செய்யும் காலமாயிற்று. இந்திர விழாவுக்குப்பின் கடலாடிய பழைய பருவத்துக்கே, ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலான ஒரு சுற்றுக்குப்பின், நாம் திரும்பி வந்திருக்கிறோம். 1944 முதல் 1946 வரை ‘கல்கி’ பத்திரிகையில் தொடராக வந்த ‘சிவகாமியின் சபதம்’, காஞ்சியையும் மாமல்லபுரத்தையும் ஒரே கதைக்குள் கொண்டுவந்து, சாதாரணக் குடும்பங்களையும் அந்தக் கற்களின் முன்னே நிறுத்தியது. அக்கதையின் சிற்பி ஆயனரையும் அவர் மகள் சிவகாமியையும் மனத்திலே வைத்துக்கொண்டு அங்கே சென்ற தலைமுறைக்கு, பாறைகள் வெறும் பாறைகளாக இருக்கவில்லை. 1957-ல் அங்கே அரசினர் சிற்பக் கல்லூரி தொடங்கி, உளியோசை மீண்டும் தெருக்களில் கேட்கலாயிற்று. 1984-ல் யுனெஸ்கோ அச்சின்னங்களை உலகப் பாரம்பரியச் சொத்தாக ஏற்றது.

பெரும்பாணாற்றுப்படை பாடிய மாடத்து விளக்கும் ஒரு வகையில் திரும்பி வந்தது. மகிஷமர்த்தினி குகைக்கு மேலே பாறையுச்சியிலுள்ள உலக்கண்ணேசுவரர் கோயிலின் கூரையில் 1887-ல் கப்பல்களுக்காக விளக்கேற்றினார்கள். பின்னர் அதன் அருகில் கருங்கல்லால் எழுப்பிய வட்டக் கோபுரம் 1904 முதல் பணி செய்கிறது. இப்போது பார்வையாளரும் அதில் ஏறலாம். மேலே நின்று மேற்கே பார்த்தால் கால்வாயும் வயல்களும், கிழக்கே பார்த்தால் கடற்கரைக் கோயிலும் எல்லையற்ற நீலமும் தெரியும். மாமல்லபுரத்தில் ஒரே ஒரு காரியம் செய்ய நேரமிருக்குமானால், இதையே செய்யுமாறு சொல்வேன்.

2004 டிசம்பர் 26-ஆம் தேதி அந்த நீலம் பொங்கி எழுந்து நம் கரையோர மக்களில் ஆயிரக்கணக்கானோரைக் கொண்டுபோயிற்று. அலை எழுமுன் கடல் உள்வாங்கியபோது பாறை வரிசைகளைக் கண்டதாக ஊரார் சொன்னார்கள். சேம்பர்ஸ் கேட்ட கதைக்கு மறுபடியும் உயிர் வந்தது. அடுத்த ஆண்டில் மாமல்லபுரத்துக்கு அருகிலுள்ள சாளுவன்குப்பத்தில் தொல்பொருள் துறையினர் தோண்டியபோது, பல்லவர் கற்கோயிலின் அடியில் அதற்கும் முந்திய செங்கல் கோயில், முருகனுடையது, வெளிப்பட்டது. அக்கடலை அழகென்று மட்டும் எண்ணிச் செல்வோர் இதையும் நினைவில் வைக்க வேண்டும். கடற்கரைக் கோயிலை அடுத்த பாறைகளுக்கிடையே நீரோட்டம் வலியது; நீந்தத் தெரிந்த இளைஞரையும் அது ஆண்டுதோறும் பறித்துச் செல்கிறது. முழங்கால் அளவுக்கு மேல் இறங்காதிருப்பதே அறிவு. புகைப்படம் எடுத்து, ஐஸ்கிரீம் தின்று, ஒரு மணி நேரத்தில் காரில் ஏறிப் புறப்படுவோரையும் பார்க்கிறேன். அவர்களிடம் எனக்குக் கோபமில்லை, வருத்தமே உண்டு.

காஞ்சியிலிருந்து செல்லும் அன்பர்களுக்கு ஒரு விண்ணப்பம். புறப்படும் நாளுக்கு முந்திய மாலையில் பிள்ளைகளைக் கைலாசநாதர் கோயிலுக்கு அழைத்துச் சென்று இராஜசிம்மனின் பெயரைச் சொல்லிக் கொடுங்கள். மறுநாள் திருக்கழுக்குன்றத்து வழியாகவே சென்று, அவனே எழுப்பிய கடற்கரைக் கோயிலைக் காட்டுங்கள். திரும்பும்போது அவசரப்படாமல் தெற்கே கல்பாக்கத்தைக் கடந்து பாலாற்று முகத்துவாரத்துக்கு அருகிலுள்ள வயலூருக்குப் போங்கள். அங்கே சிவன் கோயில் தூண் ஒன்றில், பிரமன் தொடங்கி அசுவத்தாமன் வழியாகத் தன் வரையில் ஐம்பதுக்கு மேற்பட்ட முன்னோரின் பெயர்களை அதே இராஜசிம்மன் வெட்டி வைத்திருக்கிறான். தலைநகரத்து ஆறு கடலை அடையும் இடத்தில் நிற்கும் அந்தத் தூணைப் பார்க்க வருவோர் மிகச் சிலரே. அச்சிலரில் நீங்களும் சேருங்கள்.